அரசுத் தரப்பு ஏழாம் சாட்சி

1

வெளிநாட்டில் இருப்பவன் ஊருக்கு எழுதினால் பனி, ரயில், சுத்தமான தெரு என்று எழுதுவான். எனக்கு அது வராது. நான் இங்கிலாந்தின் நடுவில் உள்ள ஒரு ஊரில் கிடங்கு ஒன்றில் பெட்டி தூக்குகிறேன். மனைவி சுதா நர்ஸ். அவள் வேலையால்தான் வந்தோம், அவள் சம்பளத்தில்தான் ஊரில், தென்காசி குத்துக்கல்வலசையில் வீடு கட்டினோம். ஒரே மகள் கோமதிக்குப் பதினேழு வயது. என் அம்மாவின் பெயர். பள்ளியில் ‘கோம்ஸ்’ என்கிறார்கள். வீட்டிலும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

போன வருஷம் இலை உதிரும் சமயத்தில் கோர்ட்டிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கோர்ட் என்ற வார்த்தையைப் பார்த்ததும் மேற்கொண்டு வாசிக்காமல் திரும்ப மடித்தேன். கோமதி அதைப் பிடுங்கி வாசித்துவிட்டுச் சிரித்தாள். அவள் பேசுவது ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன்.

“அப்பா, பயப்படாதே. உன்னைப் பிடிக்க வரவில்லை. உன்னை ஜூரியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.”

நம் ஊரில் ஜூரி கிடையாது. எப்போதோ இருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே பெரிய குற்ற வழக்குகளில் ஒருவன் குற்றவாளியா இல்லையா என்று நீதிபதி முடிவு செய்வதில்லை. தெருவில் போகிற பன்னிரண்டு பேர் முடிவு செய்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் குலுக்கிப் பெயர் எடுக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவனுக்கும் இங்கே ஓட்டு உண்டு. அதனால் என் பெயரும் அந்தக் குலுக்கலில் கிடந்திருக்கிறது.

கோமதி சட்டம் படிக்கப் போகிறாள். அன்று எனக்குப் பாடம் எடுத்தாள். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசு, குற்றம் சாட்டப்பட்டவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் வந்தால் விட்டுவிட வேண்டும். விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். நம் நாட்டிலும் சட்டம் இதுதான். எழுத்துக்கு எழுத்து இதுதான். எனக்கு அது அவளைவிட நன்றாகத் தெரியும், ஆனால் சொல்லவில்லை.

பேசிக்கொண்டே தன் காபிக் கோப்பையை மேசையில் கிடந்த ஒரு தாளின் மேல் வைத்தாள். மதுரையில் உள்ள வக்கீல் ஒருவர் தமிழில் அடித்து அனுப்பியிருந்த பிரமாணப் பத்திரம் அது. அதில் நான் கையெழுத்துப் போட்டால், பன்னிரண்டு வருஷமாக உள்ளே இருக்கும் ஒரு மனிதன் வெளியே வர வழி பிறக்கலாம். போட்டால் நான் உள்ளே போக வழி பிறக்கலாம். தாள் அவள் கண்ணுக்கு நேராகத்தான் கிடந்தது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

2

இங்கே வருவதற்கு முன்னால் தென்காசிப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். எழுதாததற்குக் காரணம் பயம், வேறொன்றும் இல்லை.

பக்கத்துக் கடை பரமசிவம் அண்ணாச்சியின் டீக்கடை. நாங்கள் இரண்டு பேரும் அந்த ஸ்டேஷனுக்கு நிரந்தரச் சாட்சிகள். விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால், எங்கே எப்படி எடுத்தோம் என்று அந்த இடத்திலேயே எழுதி, பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு மகசர் என்று பெயர். போலீஸ்காரர் சொல்வதை மட்டும் கோர்ட் நம்பக் கூடாது, சம்பந்தமில்லாத இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் குளக்கரைக்கும் காட்டுக்கும் போலீஸோடு யார் போவான்? போகவே வேண்டாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். மகசர் கடைக்கு வரும்.

தலைமைக் காவலரை எல்லோரும் ஏட்டையா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன் என்றுதான் ஊரில் பேச்சு. டீயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அக்குளில் இடுக்கிய தாளை என் கண்ணாடிப் பெட்டி மேல் போடுவார்.

“ஏலே தம்பி, பேனா எடு. இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு.”

“என்ன கேஸு ஏட்டையா?”

“ஒனக்கு என்னத்துக்குலே அது? கையெழுத்தத்தான கேட்டேன், ஒன் சொத்தையா கேட்டேன்?”

பரமசிவம் அண்ணாச்சி வாசிக்கவே மாட்டார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போடுவார். “கடைய விட்டு எறங்காமலே ஏழு கஞ்சாவும் ரெண்டு திருட்டும் பாத்தாச்சு வே. எமன்கூட நேர்ல போயித்தான் பாக்கான்” என்பார். நாங்கள் சிரிப்போம். அதைத்தான் முதலில் எழுத வேண்டும். சிரித்தோம்.

பதிலுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. என் போர்டு ரோட்டில் ஓரடி நீட்டிக்கொண்டிருந்ததை யாரும் கேட்கவில்லை. குற்றாலம் சீசனில் வண்டிகள் நெருக்கும்போது எல்லாக் கடைகளின் பலகையையும் எடுத்துப்போட்டார்கள். என் பலகையை விட்டார்கள். அந்த ஓரடிதான் என் விலை.

அப்புறம் அந்தக் கொலை நடந்தது. இலத்தூர் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் தனியாக இருந்த வயதான அம்மாளைக் கொன்று கழுத்துச் சங்கிலியை எடுத்துப் போய்விட்டார்கள். அவர் தோப்பில் தேங்காய் வெட்டுகிற இசக்கிமுத்துவைப் போலீஸ் பிடித்தது. இசக்கிமுத்து என் கடைக்கு வருகிறவன். ரேஷன் கார்டு, மகள் பள்ளிக்கூடத்து மனு, எல்லாம் நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். கட்டைவிரலில் மை வைத்துக்கொண்டு கூச்சத்தோடு நிற்பான்.

அவனைப் பிடித்த இரண்டாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு ஸ்டேஷனுக்கு ஜெராக்ஸ் கட்டைக் கொடுக்கப் போனேன். உள் அறையில் ஜட்டியோடு உட்கார்ந்திருந்தான். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து, “அண்ணாச்சி, எம் பொண்டாட்டிட்ட சொல்லிருங்க” என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் ஏட்டையா மகசரோடு வந்தார். அன்றைக்கு மட்டும் வாசித்தேன். முந்தின நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு, இலத்தூர் குளத்து மடை ஓரம், கிழக்குப் பக்கம் கல்லுக்கு அடியிலிருந்து, இசக்கிமுத்து தானே முன்வந்து சங்கிலியையும் அரிவாளையும் எடுத்துக் கொடுத்தான், நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம் என்று இருந்தது.

வாசித்தேன். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு டீ ஏட்டையா காசு.

3

வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. இசக்கிமுத்துவுக்கு ஜாமீன் இல்லை. அதற்குள் பரமசிவம் அண்ணாச்சி மாரடைப்பில் போய்விட்டார். சுதாவுக்கு இங்கே வேலை கிடைத்து, ஏழு வயதுக் கோமதியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். போலீஸ் விசாரணை அறிக்கை வந்தால் பாஸ்போர்ட் வரும். வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம்.

கேட்கப் போனேன். ஏட்டையா பேப்பரைத் தூக்கிக் காட்டினார்.

“எங்கிட்டதான்லே இருக்கு. அடுத்த வாரம் இசக்கிமுத்து கேஸுல நீ சாட்சி சொல்லணும்லா? சொல்லிட்டு வா. மறுநாளே அனுப்பிருதேன்.”

“ஏட்டையா, நான் அங்கன போகவே இல்லையே.”

“எவன்லே போனான்? நானே போவல.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. “அவன்தான்லே கொன்னான். எனக்குத் தெரியும். சாட்சி இல்லாம விட்டா நாளைக்கு இன்னொரு கெழவியக் கொல்லுவான். ஒம் பொண்டாட்டி பிள்ளைய அங்கன தனியா விட்டுட்டு நீ இங்கன நியாயம் பேசப் போறியோ?”

கோர்ட் வராந்தாவில் வைத்து எனக்குப் பாடம் நடந்தது.

“சங்கிலி எங்கன இருந்துச்சு?”

“மடைக்குப் பக்கத்துல, கல்லுக்கு அடியில.”

“எந்தப் பக்கம்?”

“கெழக்க.”

“அவன் என்ன கலர்ல சட்ட போட்டிருந்தான்?”

“பச்ச…?”

“ஏலே மூதி, ஞாபகம் இல்லன்னு சொல்லணும். எல்லாம் தெரியும்னு சொல்லுதவனத்தான் ஜட்ஜு சந்தேகப்படுவாவ. ஒண்ணு ரெண்டு மறந்தாத்தான் அது நெசம்.”

கோர்ட் டவாலி என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். கூண்டில் ஏறினேன். கடவுள் அறிய உண்மையைச் சொல்வேன் என்றேன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். “அந்த இசக்கிமுத்து இந்த நீதிமன்றத்தில் இருக்கிறாரா?” என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். எதிர்க் கூண்டில் இருந்தவன் என்னைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். வலது கை முழுதாக மடங்கவில்லை. ஏன் கும்பிட்டான் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

அவனுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. அரசு கொடுத்த இலவச வக்கீல், வயதில் சின்னவர், ஒரே ஒரு கேள்விதான் உருப்படியாகக் கேட்டார். அதுவும் கேள்வி இல்லை, வழக்கமாகச் சொல்கிற வாசகம். காவல் துறைக்கு உதவுவதற்காகப் பொய்ச் சாட்சி சொல்கிறீர்கள் என்கிறேன் என்றார். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பதும் வராந்தாவில் சொல்லித் தந்திருந்தார்கள்.

“சரியல்ல” என்றேன்.

நீதிபதி அதை அப்படியே எழுதச் சொன்னார். நம் நாட்டில் எந்தக் குற்ற வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்தாலும் சாட்சியின் வாக்குமூலம் இந்த வாசகத்தில்தான் முடியும். நான் பொய் சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல. உண்மை சொன்னவனும் அதையே சொல்லுவான், பொய் சொன்னவனும் அதையே சொல்லுவான். எழுதுகிறவருக்கு ஒரே வேலை.

அரசுத் தரப்பு ஏழாம் சாட்சி என்று என் பெயருக்கு முன்னால் போட்டார்கள். ஆயுள் தண்டனை விழுந்தது. ஏட்டையா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளே அறிக்கை போனது, ஒரு வாரத்தில் பாஸ்போர்ட் வந்தது. அறிக்கையில் என் நடத்தை நல்ல நடத்தை.

4

ஜூரிக் கடிதம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கு வாசலில் நின்று சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன். ஊர் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

“அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? நான் பேச்சியம்மா. இசக்கிமுத்து வீட்டுக்காரி.”

வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் அவசர அவசரமாகப் பேசினாள்.

“வச்சிராதிய அண்ணாச்சி. சண்ட போடக் கூப்பிடல. ஒங்க குத்துக்கல்வலச வீட்டுல வாடகைக்கு இருக்காவள்லா, அவுகட்ட நம்பர் வாங்கினேன். அப்பீலு இப்பத்தான் விசாரணைக்கு வருது. மதுர வக்கீலு சொல்லுதாவ, மத்த சாட்சியெல்லாம் ஒண்ணுக்கும் ஆகாதாம். சங்கிலி எடுத்ததுதான் கேஸாம். அதுக்கு நீங்க ஒரு ஆளுதானாம்.”

“எனக்கு ஞாபகம் இல்லம்மா. ரொம்ப நாள் ஆச்சு.”

“ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும் அண்ணாச்சி. ஸ்டேஷன்ல அவுகளப் பாத்தியள்லா. நாலு மணிக்கு. அவுக செயில்ல வச்சே எங்கிட்டச் சொன்னாவ, ஜெராக்ஸ்கட அண்ணாச்சி என்னப் பாத்துட்டாவ, கேட்டா சொல்லுவாவன்னு. நீங்க கூண்டுல ஏறினதும் அவுகளுக்குச் சந்தோசம். அதான் கும்பிட்டாவ. நம்மளப் பாத்த ஆளு வந்துட்டாரு, இனி விட்டுருவாவன்னு நெனச்சுட்டாவ.”

சாண்ட்விச்சைத் துப்பினேன். தூரத்தில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வந்து கத்திக்கொண்டிருந்தது.

“ஒரு பேப்பரு அனுப்புதாவளாம். அங்கன நம்ம நாட்டு ஆபீஸ் இருக்காம்லா, அங்க போயி ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க அண்ணாச்சி. ஒரே ஒரு கையெழுத்து.”

என்னிடம் எல்லோரும் ஒரே ஒரு கையெழுத்துத்தான் கேட்டிருக்கிறார்கள்.

நான் கேட்டேன். இதைக் கேட்டிருக்கக் கூடாது. “அவன் கொன்னானா, இல்லையாம்மா?”

“நான் பாக்கல அண்ணாச்சி. நீங்களும் பாக்கல. பாக்காதத நான் சொல்லுதேனா?”

இந்த ஒரு பதிலுக்குச் சட்டக் கல்லூரியே கட்டலாம். அவள் பீடி சுற்றுகிறவள்.

5

ஜூரிக்குப் போனேன். வழக்கு சின்ன வழக்கு. ஒரு இளைஞன் போலீஸைக் கண்டு ஓடும்போது போதைப்பொருள் பையைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தான் என்பது குற்றச்சாட்டு. எந்தப் புத்தகத்தின் மேல் சத்தியம் என்று கேட்டார்கள். கீதை என்றேன். துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். சாட்சியங்களின்படி உண்மையான தீர்ப்புச் சொல்வேன் என்று அட்டையைப் பார்த்து வாசித்தேன். ‘ட்ரூ’ என்ற சொல் எனக்கு வாயில் சரியாக வரவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் பாவம் பார்த்துச் சிரித்தார்.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அந்தப் பையன் பிடிபட்டு இரண்டு வருஷம் கழித்துத்தான் வழக்கு வந்திருக்கிறது. கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்திருந்தார்கள். கோர்ட் கூரை ஒழுகி வாளி வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் இருப்பவன் ஏழை, வெளியே பேசுகிறவன் பணக்காரன். அந்த விஷயத்தில் தென்காசிக்கும் இந்த ஊருக்கும் வித்தியாசம் இல்லை.

ஆனால் ஒன்று பார்த்தேன். போலீஸ்காரர் சாட்சிக் கூண்டில் நின்றார். பையன் கையை வீசியதைப் பார்த்தேன் என்றார். பையனின் வக்கீல் எழுந்தார். எங்கே நின்றீர்கள்? விளக்குக் கம்பம் எங்கே? உங்கள் குறிப்பேட்டில் இதை எப்போது எழுதினீர்கள்? நாற்பது நிமிஷம் கழித்து என்றார் போலீஸ்காரர். அந்த நாற்பது நிமிஷத்தை வைத்து ஒரு மணி நேரம் கேள்வி. ஏன் நாற்பது? நடுவில் யாரோடு பேசினீர்கள்? அந்த ஆள் முகம் சிவந்துபோனது.

நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மனிதனை இப்படித் துருவுகிறார்கள். என்னிடம், “அன்று நான்கு மணிக்கு நீ எங்கே இருந்தாய்?” என்று ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தால் நான் உளறியிருப்பேன். சத்தியமாக உளறியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நான் சொல்லவில்லை என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தபோது அதுவும் போய்விட்டது. கேட்காவிட்டால் என்ன, எனக்கு வாய் இருந்ததே.

நாங்கள் பன்னிரண்டு பேரும் அறைக்குள் போய் என்ன பேசினோம் என்பதை எழுதக் கூடாது. எழுதினால் இங்கே அது குற்றம். இந்தச் சட்டத்தை மீற மாட்டேன். எந்தச் சட்டம் என்னைப் பிடிக்குமோ அந்தச் சட்டத்தை நான் எப்போதும் மீறியதில்லை.

திறந்த கோர்ட்டில் சொன்னதை எழுதலாம். குற்றவாளி இல்லை என்று சொன்னோம். வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அந்தப் பையனின் அம்மா என்னைத் தாண்டிப் போனாள். நின்று, நெஞ்சில் கை வைத்து, நன்றி என்றாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். என்னைக் கும்பிடுகிறவர்களுக்கு ஆள் அடையாளமே தெரிவதில்லை.

6

அன்று வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு நம் தூதரக அலுவலகத்தில் பிரமாணப் பத்திரத்துக்கு நேரம் வாங்கியிருந்தேன். ஆமாம், வாங்கியிருந்தேன். நான் நல்லவன் என்று நம்பச் சொல்லவில்லை, பதிவு செய்துவைத்திருந்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் மூன்று பேரில் நான் மட்டும்தான் இன்னும் இந்தியன். சுதாவும் கோமதியும் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். என் விண்ணப்பம் பாதி நிரப்பி வருஷக்கணக்காகக் கிடந்தது. அதில் ஒரு கேள்வி. நீங்கள் நன்னடத்தை உள்ளவர் அல்ல என்று கருத இடம் தரும் வேறு எதையாவது எப்போதாவது செய்திருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அந்த இடத்தில்தான் நின்றுபோயிருந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு காலை சுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நைட் டியூட்டி முடிந்து வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்?”

“கொலக் கேஸுல பொய்ச் சாட்சி சொன்னேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. பத்து வருஷம் வரைக்கும் உண்டு. ஆயுளும் உண்டு.”

“இங்கன?”

“குடியுரிமை கெடைக்காது. விசாவும் நிக்குமான்னு தெரியாது.”

தண்ணீரிலிருந்து காலை எடுத்தாள். “பத்து வருசமா நான் இங்க எவன் எவன் பீயவோ அள்ளி உங்களுக்கு ஒரு வாழ்க்க உண்டாக்கி வச்சிருக்கேன். பிள்ள சட்டம் படிக்கப் போறா. அவ அப்பன் செயில்ல இருந்தா எந்தக் காலேஜுல சேப்பாவ? நீங்க புண்ணியம் தேடணும்னா என்னத்துக்கு எங்கள இழுக்கிய?”

“அவன் பன்னெண்டு வருசமா உள்ள இருக்கான் சுதா.”

“இருக்கான்லா? பழகியிருக்கும்.”

அவள் கெட்டவள் இல்லை. வார்டில் யாரோ சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அவள் வாயில் இந்த வார்த்தையை வரவைத்தது நான்.

ஏட்டையாவுக்கும் போன் போட்டேன். ஓய்வுபெற்று ஆய்க்குடியில் இருக்கிறார். தினமும் முருகன் கோயிலுக்குப் போகிறாராம்.

“ஏலே, பழசக் கிண்டாத. ஒன்ன மாதிரி ஆயிரம் சாட்சி, ஆயிரம் கையெழுத்து. எல்லாவனும் இப்படிக் கெளம்பினா செயிலே காலியாயிரும்லே.”

“இப்பச் சட்டத்தையே மாத்திட்டாங்களாமே ஏட்டையா. பொருள எடுக்கும்போது வீடியோ பிடிக்கணுமாமே.”

“பிடிக்கட்டும். திரும்ப ஒருக்க எடுக்கச் சொல்லிப் பிடிக்கணும், அவ்வளவுதான்.” இருமிக்கொண்டே சிரித்தார். “ஏலே, அங்க குளிரு சாஸ்தியா? ஒடம்பப் பாத்துக்கோ.”

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கோமதி தன் கணினியைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கட்டுரை. ஏன் சட்டம் படிக்க விரும்புகிறேன் என்பது தலைப்பு. முதல் வரியே நான்தான். ஆங்கிலம் சரியாக வராத என் அப்பா, கிடங்குத் தொழிலாளி, ஒரு அந்நியனுக்கு நியாயம் செய்வதற்காகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார், அன்றுதான் சட்டம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது என்று எழுதியிருந்தாள்.

“நன்றாக இருக்கிறதா?”

நன்றாக இருக்கிறது என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்திரத்தை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ரயிலில் ஏறினேன். தூதரக அலுவலகம் இருக்கும் ஊரில் இறங்கினேன். வாசலில் வரிசை. நம் ஆட்கள், கையில் ஃபைல், போட்டோ, ஜெராக்ஸ். முன்னால் நின்ற பஞ்சாபிப் பையன் ஒருவன் ஏதோ ஃபாரத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் முழித்தான். “அங்கிள், ஒரு கையெழுத்து?” என்று இந்தியில் கேட்டான்.

என்ன ஃபாரம் என்று கேட்கவில்லை. பேனாவை எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. கை தானாகப் போயிருக்கிறது. வரிசையை விட்டு விலகினேன். பன்னிரண்டு மணி ரயிலில் திரும்பி வந்துவிட்டேன்.

7

அப்பீல் தள்ளுபடி ஆகிவிட்டது. போன வாரம் மதுரை வக்கீல் தீர்ப்பை வாட்ஸப்பில் அனுப்பினார். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

நம் சட்ட அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பள்ளிப் புத்தகத்தில் ஏணி மாதிரிப் படம் போட்டிருப்பார்கள். கீழே மாஜிஸ்திரேட், மேலே செஷன்ஸ், அதற்கு மேலே உயர் நீதிமன்றம், உச்சியில் உச்ச நீதிமன்றம். கீழே தப்பு நடந்தால் மேலே திருத்துவார்கள் என்று வாத்தியார் சொல்லுவார். எதை வைத்துத் திருத்துவார்கள் என்று சொல்ல மாட்டார். மேலே உள்ள நீதிபதி என் முகத்தைப் பார்க்கவில்லை. இசக்கிமுத்துவின் கையைப் பார்க்கவில்லை. கீழேயிருந்து போன காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் பார்க்க முடியும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரியாகத்தான் வாசித்திருக்கிறார்.

தீர்ப்பில் என்னைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ஏழாம் சாட்சி சுயேச்சையான சாட்சி. குற்றம் சாட்டப்பட்டவரோடு பகை இல்லாதவர், முன்பே பழக்கமுள்ளவர்கூட. பொய் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இருந்ததாகத் தெரியவில்லை. சில விவரங்கள் நினைவில்லை என்று அவர் ஒளிக்காமல் ஒத்துக்கொண்டதே அவர் சாட்சியம் இயல்பானது என்பதைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இருந்ததை என்னால் முடிந்தவரை தமிழாக்கினேன். ஏட்டையாவுக்குப் படித்துக் காட்டினால் சந்தோஷப்படுவார்.

பேச்சியம்மாள் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“தள்ளிட்டாவ அண்ணாச்சி. தெரியுமா?”

“தெரியும்மா.”

“ஒங்களுக்கு அங்கன என்ன கஷ்டமோ. வெளிநாட்டுல லீவு கெடைக்காதுன்னு சொல்லுதாவ. அவுகட்ட நான் சொல்லல. பேப்பரு வந்துட்டிருக்கு, வழியில இருக்குன்னுதான் சொல்லியிருக்கேன். செயிலுக்கு மனு பாக்கப் போகும்போதெல்லாம் கேக்காவ. வந்துட்டிருக்குன்னு சொல்லுதேன்.”

வைத்துவிட்டாள்.

அன்றைக்கே குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பி முடித்தேன். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ கட்டத்தில் குறி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். கோமதி படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இதைப் படிக்கிற சிலர், தமிழ்நாட்டுப் போலீஸ் என்று திட்டுவீர்கள். திட்டுங்கள். திட்டி முடித்த பிறகு, ஸ்டேஷன் வாசலில் யாராவது தாளை நீட்டினால் வாசித்துவிட்டுப் போடுங்கள் என்று சொல்லலாம்தான். சொல்ல மாட்டேன். நான் வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

இதையும் தமிழில்தான் எழுதுகிறேன். மகள் படிக்க மாட்டாள். இசக்கிமுத்துவின் வக்கீல் படித்தால், இதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக நினைப்பார். போக முடியாது. ஸ்டேஷன் பெயர் இல்லை. இசக்கிமுத்து, பேச்சியம்மாள், பரமசிவம் எல்லாம் நான் மாற்றி வைத்த பெயர்கள். சம்பவம் நடந்தது இலத்தூர்தானா என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியாது. யாராவது இங்கே வந்து, இதை எழுதியது நீதானே, இதெல்லாம் உண்மைதானே என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு ஏற்கெனவே சொல்லித் தந்திருக்கிறார்கள்.

கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான். இதன் அடியில் போடவில்லை.